சர்க்கரைத் தண்ணீர் ஏன் கைகொடுக்கவில்லை?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"என் மாமனாருக்கு 68 வயது. பதினைந்து வருடமாக சுகர் இருக்கிறது. போன வருடத்திலிருந்து கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். புரட்டாசி சனிக்கிழமை விரதம் என்று காலை டிபனை விட்டுவிட்டார். மாத்திரையை மட்டும் எட்டு மணிக்கு வழக்கம்போலப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தபோது கை நடுங்கியது, சட்டையெல்லாம் வேர்வை, பேச்சு குழறியது. வரும் வழியில் பிரசாதச் சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறார். மீட்டரில் 54 காட்டியது. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். இருபது நிமிடம் கழித்தும் 58தான். பயந்துபோய் ஆட்டோவில் தெருமுனை கிளினிக்குக் கூட்டிப் போனோம். அங்கே நர்ஸ் குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுத்தார், கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். சர்க்கரையும் குளுக்கோஸும் ஒன்றுதானே மேடம்? நாங்கள் கொடுத்தது ஏன் வேலை செய்யவில்லை?

இன்னொன்று. இந்த மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு வாயுவும் வயிற்று உப்புசமும் அதிகம். மாமியார் உளுந்தையும் உருளைக்கிழங்கையும் நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா என்சைம் சிரப் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார். சோற்றை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிட்டால் சுகர் ஏறாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. எதை நம்புவது?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைக்கே மெடிக்கல் ஷாப்பில் இரண்டு பாக்கெட் குளுக்கோஸ் பவுடர் வாங்குங்கள். ஒன்று சமையலறையில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். இன்னொன்றைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி மாமனாரின் சட்டைப் பையிலும், அவர் கோயிலுக்கு எடுத்துப்போகும் பையிலும் வைத்துவிடுங்கள். வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். டெக்ஸ்ட்ரோஸ் என்று எழுதியிருக்க வேண்டும், அது குளுக்கோஸின் இன்னொரு பெயர்தான். ஆரஞ்சு, எலுமிச்சை வாசனை சேர்த்த சில பாக்கெட்டுகளில் சாதாரணச் சர்க்கரையும் கலந்திருக்கும். அது வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் மருத்துவர் அல்ல. மாவுச்சத்தையும் அதை உடைக்கும் நொதிகளையும், அதாவது என்சைம்களையும், வைத்துச் சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் பொறுப்பு. ஆனால் அந்த மாத்திரை குடலுக்குள் என்ன செய்கிறது என்பது என் துறை. உங்கள் கடிதத்தில் உள்ள நான்கு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்வி என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலாண்டு மாணவர்களுக்கு நான் வழக்கமாகச் செய்து காட்டும் ஒரு சோதனை உண்டு. ஒரு சோதனைக் குழாயில் குளுக்கோஸ் கரைசல், இன்னொன்றில் நாம் காபியில் போடும் சர்க்கரையின் கரைசல். இரண்டிலும் பெனடிக்ட் கரைசல் என்ற நீலத் திரவத்தை ஊற்றிச் சூடாக்க வேண்டும். குளுக்கோஸ் இருக்கும் குழாய் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். சர்க்கரை இருக்கும் குழாய் நீலமாகவே நிற்கும். நாக்குக்கு இரண்டுமே இனிப்புதான், ஆனால் சோதனையில் சர்க்கரை அசையாது. மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் ஆச்சரியப்படுவார்கள்.

காரணம் இதுதான். சர்க்கரை என்பது சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்கும் ஜோடி அது. அந்தக் கை பிரியாத வரை நம் குடல் அதை உள்ளே எடுத்துக்கொள்ளாது. பிரித்துவிடுவதற்கென்றே சிறுகுடலின் உட்சுவரில் சுக்ரேஸ் என்ற நொதி இருக்கிறது. ஆரோக்கியமான குடலில் இந்த வேலை நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் லோ சுகர் வந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடு என்று நம் வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரியான அறிவுரையும்கூட.

உங்கள் மாமனாருக்கு அது சரிப்படாததற்குக் காரணம் அந்த மூன்றாவது மருந்து, வோக்ளிபோஸ். ஜப்பானில் உருவாகி 1994-ல் விற்பனைக்கு வந்தது. இதே குடும்பத்தில் அகார்போஸ் என்று இன்னொரு மருந்தும் உண்டு. இரண்டுக்கும் மூலம் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். இவற்றின் உருவம் சர்க்கரை மூலக்கூறைப் போலவே இருப்பதால் நொதி ஏமாந்து பிடித்துக்கொள்கிறது, ஆனால் உடைக்க முடிவதில்லை. பூட்டுக்குள் தவறான சாவி சிக்கிக்கொண்ட மாதிரி, அந்த நொதி கொஞ்ச நேரம் வேறு வேலை பார்க்க முடியாமல் நிற்கிறது. சுக்ரேஸும், மாவுச்சத்தின் துண்டுகளைக் குளுக்கோஸாக உடைக்கும் மால்டேஸ் என்ற நொதியும் இப்படித் தடுக்கப்படுகின்றன. சாப்பாட்டில் உள்ள மாவுச்சத்து மெதுவாக உடைந்து, சாப்பிட்ட பிறகு சுகர் திடீரென்று ஏறாமல் இருக்கிறது. மருந்தின் நோக்கமும் அதுதான், நல்ல நோக்கம்.

அன்றைக்கு நடந்ததை இப்போது திரும்பிப் பாருங்கள். மாத்திரையில் உள்ள கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டதால் சுகர் இறங்கியது. லோ சுகருக்குக் காரணம் அது. வோக்ளிபோஸ் தனியாக இருந்தால் சுகரை அப்படி இறக்காது. ஆனால் இறங்கிய சுகரை ஏற்ற நீங்கள் வைத்திருந்த வழியில் அது நின்றுகொண்டது. வழியில் சாப்பிட்ட சர்க்கரைப் பொங்கலில் இருந்தது அரிசியும் வெல்லமும். வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். பிறகு நீங்கள் கொடுத்ததும் சுக்ரோஸ். இரண்டுமே மூடிய கதவில் போய் மோதின. நர்ஸ் கொடுத்த குளுக்கோஸை எந்த நொதியும் உடைக்க வேண்டியதில்லை. அது தனியாகவே நிற்கிறது, நேராக ரத்தத்துக்குப் போய்விடும்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கற்கண்டு, பனங்கற்கண்டு, மிட்டாய் எதுவானாலும் இந்த விஷயத்தில் வெள்ளைச் சர்க்கரையின் உறவுதான். பிஸ்கட் கொடுத்தால் மாவுச்சத்தும் சேர்ந்துகொண்டு இன்னும் தாமதமாகும். தேனில் குளுக்கோஸ் பிரிந்த நிலையிலேயே ஓரளவு இருப்பதால், அவசரத்துக்கு வேறு எதுவும் கிடைக்காதபோது சர்க்கரையைவிடத் தேன் மேல். ஆனால் குளுக்கோஸ் பவுடர் கையில் இருந்தால் வேறு எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அளவு: 15 கிராம், அதாவது தலை தட்டிய மூன்று நான்கு தேக்கரண்டி. தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை அதே அளவு. சரியானதும் சோறோ இட்லியோ சாப்பிடக் கொடுங்கள், இல்லாவிட்டால் மீண்டும் இறங்கலாம். கிளிமிபிரைடின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும் என்பதால் அன்று முழுக்க அவர்மேல் ஒரு கண் இருக்கட்டும், இரவிலும் ஒரு முறை பாருங்கள். நினைவு தவறிவிட்டாலோ விழுங்க முடியாமல் போனாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டரைப் பார்க்கும்போது இதை மட்டும் கேளுங்கள்: "விரத நாளில் இந்த மாத்திரையை என்ன செய்ய வேண்டும்?" புரட்டாசி, மார்கழி, ஏகாதசி, சஷ்டி என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு விரத நாள்கள் நிறைய. டாக்டர்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள், பெரியவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இந்த மாதிரி மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். சாப்பாடு இல்லாதபோது வோக்ளிபோஸுக்கு வேலையே இல்லை, கிளிமிபிரைடு ஆபத்து. மூன்று மருந்து ஒரே மாத்திரையில் இருப்பதால் ஒன்றை மட்டும் விடவும் முடியாது. 54 வரை இறங்கியதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாமனார் சொல்ல மாட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். நீங்களே சொல்லுங்கள்.

இனி வாயு.

இதுவும் அதே மூடிய கதவின் விளைவுதான். சிறுகுடலில் உடையாமல் தப்பித்த மாவுச்சத்தும் சர்க்கரையும் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே காத்திருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவுக்கு அது விருந்து. இட்லி மாவு பொங்குவது போலவே அங்கேயும் புளிக்கிறது. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. உப்புசம் அதனால்தான். மருந்தை ஆரம்பிக்கும்போது இது அதிகமாக இருந்து, வாரங்கள் போகப்போகப் பலருக்குக் குறைந்துவிடும். ஒரு வருடமாகியும் குறையவில்லை என்றால், சாப்பாட்டில் இனிப்பும் மாவுச்சத்தும் இன்னும் அதிகம் என்று அர்த்தம் கொள்ளலாம். அவர் காபிக்குச் சர்க்கரை போடுகிறாரா, யாருக்கும் தெரியாமல் முறுக்கும் அதிரசமும் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். இந்த மாத்திரையோடு இனிப்புச் சாப்பிட்டால் வயிறே காட்டிக்கொடுத்துவிடும்.

பெருங்குடலுக்குப் போகும் மாவுச்சத்தைப் பற்றி நல்லதாகவும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரிலேயே நடந்த ஆராய்ச்சி, எனக்கு மிகவும் பிடித்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவர் குழுவும் காலரா நோயாளிகள் 48 பேரிடம் ஒரு சோதனை செய்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான உப்பு, குளுக்கோஸ் கரைசலோடு, மாவுச்சத்தை வெட்டும் அமிலேஸ் என்ற நொதியால் உடைக்க முடியாத ஒருவகை மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, சிறு கொழுப்பு அமிலங்களாக மாறியது. அந்த அமிலங்கள் பெருங்குடலை உப்பையும் தண்ணீரையும் திரும்ப உறிஞ்ச வைத்தன. பேதி சீக்கிரம் நின்றது. செரிக்காதது வீண் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், செரிக்காமல் போவதும் ஒரு வேலை செய்கிறது என்று நோயாளியின் படுக்கையருகே காட்டினார்கள். அந்தக் கட்டுரையை முதன்முதலில் படித்த நாளில் நான் அடைந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

என்சைம் சிரப் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாட்டிலின் லேபிளில் பெரும்பாலும் ஃபங்கல் டயாஸ்டேஸ், பெப்சின் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். பெப்சின் புரதத்தை உடைப்பது. டயாஸ்டேஸ் என்பது அமிலேஸின் பழைய பெயர். 1833-ல் பிரான்ஸில் பாயன், பெர்சோ என்ற இரண்டு வேதியியலாளர்கள் முளைகட்டிய பார்லியிலிருந்து பிரித்தெடுத்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பொருள் இது என்று காட்டினார்கள். ஒரு நொதியைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தது அதுதான் முதல் முறை. பிறகு ஜோகிச்சி தகமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர், சோயா சாஸ் செய்யப் பயன்படும் பூஞ்சையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து அதே வேலையைச் செய்யும் நொதியை எடுத்தார். 1894-ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். செரிமான மருந்தாக உலகமெல்லாம் விற்றது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் சிரப் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

அது கெட்ட மருந்து இல்லை. உங்கள் மாமனாருக்குத் தேவையில்லாத மருந்து, அவ்வளவுதான். அவருக்கு நொதி குறைவதால் வாயு வரவில்லை. இருக்கும் நொதியை டாக்டர் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறார். ஒரு கையால் நிறுத்தி இன்னொரு கையால் தள்ளுவது போலாகும். அகார்போஸ் எடுப்பவர்கள் மாவுச்சத்தை உடைக்கும் நொதி மருந்துகளைச் சேர்த்து எடுக்க வேண்டாம் என்றே மருந்துக் குறிப்புகளில் இருக்கும். அதுபோக, பல சிரப்புகளில் இனிப்புக்காகச் சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள். வாயு தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்கலாமா, மருந்தை மாற்றலாமா என்று கேளுங்கள். அக்காவிடம் கோபிக்க வேண்டாம், அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார்.

ஆறிய சோறு பற்றிய வாட்ஸ்அப் செய்தியில் உண்மை இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். அரிசி வேகும்போது மாவுச்சத்துத் துகள் தண்ணீரைக் குடித்து உப்பி விரிகிறது. அப்போது அமிலேஸ் எளிதாக உள்ளே புகுந்து வெட்டும். சோறு ஆறும்போது விரிந்த இழைகளில் ஒரு பகுதி மீண்டும் நெருக்கமாக அடுக்கிக்கொள்கிறது. பழைய சோறு விறைப்பாக இருப்பதை விரலில் தொட்டாலே தெரியும். அந்த இறுக்கத்துக்குள் நொதி நுழைய முடியாது. மறுபடி சூடு பண்ணினாலும் அதில் ஒரு பகுதி அப்படியே நிற்கும், அமைலோஸ் என்ற இழைகளின் இறுக்கம் கொதிநீரின் சூட்டுக்கும் அவிழாது. எனவே கருத்து சரி. அளவைப் பாருங்கள். இந்தோனேசியாவில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக வடித்த சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்த செரிக்காத மாவுச்சத்து, ஒரு நாள் குளிரில் வைத்துச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராமானது. ஒரு கிராம்தான் கூடியது. அதே 100 கிராம் சோற்றில் மொத்த மாவுச்சத்து 28 கிராம் அளவுக்கு இருக்கும். மீதி எல்லாம் செரிக்கத்தான் போகிறது. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையோ கூட்டோ வைத்தால் இதைவிடப் பலன் அதிகம்.

பழைய சோறு அவருக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சாப்பிடட்டும், அளவோடு. ஆனால் ஒரு எச்சரிக்கை. வடித்த சோற்றைச் சென்னை வெயிலில் அடுப்படியிலேயே மதியம் முதல் ராத்திரி வரை மூடி வைத்துவிட்டுப் பிறகு ஃபிரிட்ஜுக்கு மாற்றுவது ஆபத்து. சோற்றில் வேகாமல் தப்பிக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் அந்த நேரத்தில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அது மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஃபிரிட்ஜில் வைப்பதானால் வடித்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து உள்ளே வையுங்கள்.

அரிசியை மாற்றலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலர் கேட்பதால் சொல்கிறேன். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் மூன்று அரிசிகளை அளந்து 2012-ல் வெளியிட்டார்கள். சுகரை ஏற்றும் வேகத்தைக் காட்டும் கிளைசீமிக் குறியீடு பொன்னிக்கு 70.2, சோனா மசூரிக்கு 72, சுர்தி கோலத்துக்கு 77. 70-ஐத் தொட்டாலே அதிகம் என்று கணக்கு. ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறி மனதைத் தேற்றிக்கொள்வதில் பொருளில்லை.

கடைசியாக மாமியார். உளுந்தின் மேல் அவர் வைத்த சந்தேகம் அடிப்படையில்லாதது அல்ல. பருப்பு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் யாருக்குமே கிடையாது. அவை நேராகப் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். ஏற்கெனவே மாத்திரையால் வாயு உள்ளவருக்கு அதுவும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை. கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் கணிசமாகக் குறையும். முளைகட்டினால் விதையே தன் நொதியால் அவற்றைச் செலவழித்துவிடும். இட்லி மாவு புளிக்கும்போதும் நுண்ணுயிர்கள் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன, அதனால் இட்லியை நிறுத்த வேண்டியதில்லை. உருளைக்கிழங்கை நிறுத்தியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நவராத்திரி வருகிறது. ஒன்பது நாளும் உங்கள் வீட்டில் சுண்டல் இருக்கும். அதை மாமனாருக்கு மறுக்காதீர்கள் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். கடலையின் செல்சுவருக்குள் மாவுச்சத்து பூட்டிக் கிடப்பதால் அது சோற்றைவிட மிக மெதுவாகவே சுகரை ஏற்றும். முதல் இரண்டு நாள் ஒரு சின்னக் கிண்ணம், வயிறு ஒப்புக்கொண்டால் பிறகு கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவதை மட்டும் மறக்க வேண்டாம்.